எதுக்கு வம்பு, கால் பண்ணிடறேன்

அன்புள்ள வியாழக்கிழமை மேசைத் தோழிகளுக்கு,

இதை மேசையிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நம் மேசையில் ஏழு பேரும் ஒரே நேரத்தில் பேசுவோம். எட்டாவதாக யாராவது வாயைத் திறந்தால் அது குக்கர் விசிலாகத்தான் இருக்கும். அதனால் எழுதுகிறேன். பத்திரிகைக்கே அனுப்பியதற்கும் காரணம் உண்டு. மத்தியான வேலையை முடித்துவிட்டு, ரம்மி அலுத்துப்போய், மருமகளோ பேத்தியோ சொல்லிக்கொடுத்த போக்கரைப் புளியங்கொட்டை வைத்து ஆடுகிற மேசை ஊரில் நம்முடையது ஒன்றுதான் என்று நான் நம்பவில்லை. அவர்களும் படிக்கட்டும்.

போன வியாழன் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். ஹெச்.எம். மேடம் கோபித்துக்கொள்ளக் கூடாது.

மேடம் கையில் இரண்டு ஏஸ். போக்கரில் அதற்கு மேல் ஒரு தொடக்கம் கிடையாது. சராசரியாக 221 தடவை சீட்டு போட்டால் ஒரு தடவை வரும். ஒரு பள்ளிக்கூடத்தையே பார்வையால் உட்காரவைத்தவர், சீட்டின் மூலையைத் தூக்கிப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார், நாலு கொட்டையை நடுவில் நகர்த்தினார். "எதுக்கு வம்பு, கால் பண்ணிடறேன்" என்றார். மேடமே அடங்கிப் போகிறாரே என்று மற்றவர்களுக்குத் தைரியம் வந்துவிட்டது. நாலு கொட்டைதானே என்று அவரோடு சேர்த்து ஐந்து பேர் உள்ளே. ஃப்ளாப்பில், எல்லோருக்கும் பொதுவாக நடுவில் திருப்பும் முதல் மூன்று சீட்டில், கிளாவர் ஏழு, டைமண்ட் நாலு, ஸ்பேடு ராஜா. கடலூர் அக்கா கையில் ஏழும் நாலும் இருந்தன. பொருந்தாத இனம், பொருந்தாத எண், யாரும் தொடக்கூடாத சீட்டு. அக்காவுக்கு இரண்டு ஜோடி விழுந்துவிட்டது. அதன் பிறகும் மேடம் கால், கால், கால் என்றே போனார். அறுபது கொட்டை போனது. "ரெண்டு ஏஸ் வந்தும் தோத்துட்டேன், என் ராசி அப்படி" என்று எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார்.

ராசிக்கு இதில் பெரிய பங்கு இல்லை மேடம். இரண்டு ஏஸ், எதிரில் ஏதோ இரண்டு சீட்டோடு ஒரே ஒருவர் இருந்தால், நூற்றுக்கு 85 தடவை ஜெயிக்கும். எதிரில் நாலு பேர் என்றால் 56. எட்டுப் பேர் என்றால் 35க்கு இறங்கிவிடும். சீட்டு அதேதான். ஆள் சேரச் சேர ரசத்தில் தண்ணீர் விட்ட மாதிரி ஆகிவிடுகிறது. அந்த நாலு கொட்டைக்குப் பதிலாக நீங்கள் இருபது வைத்திருந்தால் கடலூர் அக்கா ஏழு நாலைத் தூக்கிக் கீழே போட்டிருப்பார். அக்கா, இல்லை என்று சொல்லாதீர்கள். உங்களை நான் அறிவேன்.

கால் என்று சொல்லிச் சொல்லியே நம் காலை நாமே வாரிக்கொள்கிறோம். அதுதான் இந்தக் கடிதத்தின் சங்கதி.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். முதல் குற்றவாளி ரம்மி. நாம் எல்லோரும் கல்யாண வீட்டு மாடியிலும் கோடை விடுமுறைத் திண்ணையிலும் ரம்மி ஆடி வளர்ந்தவர்கள். ரம்மியில் பதின்மூன்று சீட்டு கைக்கு வரும்; அது சேர வேண்டும். சேரும்வரை எடுத்துப் போட்டு, எடுத்துப் போட்டு, ஜோக்கர் வராதா என்று காத்திருக்க வேண்டும். கை மோசம் என்றால் தொடக்கத்திலேயே டிராப், இருபது பாயிண்டோடு போகும். நடுவில் என்றால் நாற்பது. பிடிவாதமாக உட்கார்ந்து மாட்டிக்கொண்டால் எண்பது வரைக்கும். ஆகவே ரம்மி நமக்குக் கற்றுக்கொடுத்தவை இரண்டே: பொறுத்திரு, இல்லாவிட்டால் ஓடிவிடு. எதிரில் இருப்பவர் எல்லோரும் டிராப் ஆனால் நாம் ஜெயிப்போம், உண்மை. ஆனால் அவர்களை டிராப் ஆக வைப்பதற்கு நம் கையில் ஒரு கருவியும் இல்லை.

போக்கரில் அந்தக் கருவி இருக்கிறது. ரைஸ் என்று பெயர்: எதிராளி வைத்ததற்குச் சமமாக வைத்தால் கால், அதற்கு மேல் வைத்தால் ரைஸ். கடைசிவரை போய்ச் சீட்டைத் திருப்பிக்காட்டி ஜெயிப்பது ஒரு வழி. எல்லோரும் மடக்கிவிட்டுப் போய், நம் சீட்டை யாரும் பார்க்காமலேயே குவியல் நம்மிடம் வருவது இன்னொரு வழி. கால் சொல்கிறவருக்கு அந்த நேரத்தில் முதல் வழி மட்டும்தான் உண்டு. ரைஸ் சொல்கிறவருக்கு இரண்டும் உண்டு. என் அண்ணன் மகள் இதை எனக்கு முதலில் சொன்னபோது, சரி சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த கையிலேயே கால் சொன்னேன்.

இன்னொன்றும் அவள் சொன்னாள். ஜோடி இல்லாத எந்த இரண்டு சீட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாலும், ஃப்ளாப்பில் விழும் மூன்று சீட்டில் ஒரு ஜோடிகூடக் கிடைக்காமல் போவது மூன்றில் இரண்டு தடவை. நமக்கு ஒன்றும் வரவில்லையே என்று நம் முகம் தொங்கும் அதே நேரத்தில் எதிரில் இருப்பவர் முகமும் உள்ளுக்குள் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. இரண்டு பேருக்கும் ஒன்றும் வராத குவியலை யார் எடுத்துக்கொண்டு போவது? முதலில் கேட்கிறவர்.

நார்வேக்காரப் பெண் ஒருத்தி, அனெட் ஒப்ரெஸ்டாட். இணையத்தில் 180 பேர் ஆடிய சிறு போட்டி ஒன்றில், ஒரே ஒரு கையைத் தவிர மற்ற எதிலும் தன் சீட்டையே பார்க்காமல் ஆடி முதலிடம் பிடித்தாள். எதிரில் இருப்பவர்கள் எப்போது தயங்குகிறார்கள், எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம், யாரிடம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை மட்டும் பார்த்தாள். அவள் 2007இல் லண்டனில் நடந்த உலகத் தொடரின் ஐரோப்பியப் போட்டியை ஜெயித்து பத்து லட்சம் பவுண்டு வாங்கியபோது அவளுக்குப் பத்தொன்பது வயது முடிய ஒரு நாள் பாக்கி. சீட்டைப் பார்க்காமல் ஆடுங்கள் என்று உங்களைச் சொல்லவில்லை. நாம் பார்க்கிற அளவுக்குச் சீட்டையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம் என்கிறேன். பி பிளாக் மாமி தன் இரண்டு சீட்டையும் ஒரு கைக்கு ஆறு தடவை தூக்கிப் பார்ப்பார், நடுவில் அது மாறிவிடும் என்பதுபோல.

ரம்மியை மட்டும் திட்டுவதும் நியாயமில்லை. அமெரிக்காவில் ஸ்டூ உங்கர் என்று ஒருவர் இருந்தார். ஜின் ரம்மியில் அவரை எதிர்த்து உட்கார ஆளே கிடைக்காமல் போய்த்தான் போக்கர் பக்கம் வந்தார். 1980, 1981, 1997 என்று மூன்று தடவை உலகப் போட்டியை ஜெயித்தார். மேசையில் மூச்சுவிட இடம் கொடுக்காத ஆட்டம் அவருடையது. (சொந்த வாழ்க்கையில் அவர் பட்டதைக் கேட்டால் கண்ணீர் வரும், அது வேறு கடிதம்.) ரம்மியிலிருந்து வந்தவரும் இப்படி ஆடியிருக்கிறார் என்றால் நம் கையைக் கட்டிப்போட்டது ரம்மி மட்டும் இல்லை.

இரண்டாவது குற்றவாளியைச் சொல்லும்முன் நம் மேசையை ஒரு தடவை வெளியிலிருந்து பாருங்கள். டாக்டரம்மா ரைஸ் பண்ணுவதற்கு முன்னால் "சாரி, தப்பா எடுத்துக்காதீங்க" என்பார். ஓரகத்திகள் இருவரும் ஒருவர் வைத்ததற்கு மேல் இன்னொருவர் வைத்து இந்த ஒன்றரை வருடத்தில் நான் பார்த்ததில்லை. பி பிளாக் மாமி குவியலை ஜெயித்தால், தோற்றவள் பக்கம் பத்துக் கொட்டையைத் திருப்பித் தள்ளி "வெச்சுக்கோடி, பாவம்" என்பார். நான் மட்டும் என்ன ஒழுங்கு! வங்கியில் கடன் பிரிவில் இருபது வருடம் இருந்தவள். தர முடியாது என்று முகத்துக்கு நேரே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் மேசையில் உட்கார்ந்தால், யாராவது அதிகம் வைத்துவிட்டால், அவர்கள் மனம் கோணக் கூடாதே என்று கால் சொல்லிவிடுவேன். சபையில் எடுத்தெறிந்து பேசக் கூடாது, நாலு பேர் நடுவில் முந்திக்கொள்ளக் கூடாது என்று சின்ன வயதில் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். அது நல்ல வளர்ப்புதான். சீட்டு மேசைக்கு மட்டும் ஆகாது.

இது நம் ஊர் விவகாரம் மட்டும் என்றுதான் நினைத்தேன், மரியா கொன்னிகோவாவின் புத்தகத்தைப் படிக்கும்வரை. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உளவியலில் முனைவர் பட்டம் வாங்கிய எழுத்தாளர். போக்கரில் அரிச்சுவடியே தெரியாமல், எரிக் சைடெல் என்ற பழுத்த ஆட்டக்காரரிடம் போய், எனக்குக் கற்றுக்கொடுங்கள் என்று நின்றார். 2018 ஜனவரியில் பஹாமாஸில் ஒரு போட்டியில் முதலாவதாக வந்து 84,600 டாலர் ஜெயித்தார். 2020இல் 'தி பிக்கஸ்ட் ப்ளஃப்' புத்தகம் வந்தது. அதில் எனக்குப் பிடித்தது ஜெயித்த கதை இல்லை, ஆரம்பத்தில் தடுமாறிய கதை. ஆண்கள் நிறைந்த மேசையில் தான் ஏன் அடங்கிப் போகிறோம் என்று அவர் தன்னையே நோண்டிப் பார்க்கிறார். எதிரில் இருப்பவருக்குத் தன்னைப் பிடிக்காமல் போய்விடுமோ என்ற பயம் அடியில் கிடக்கிறது. மனத்தைப் படிப்பதையே தொழிலாக வைத்திருந்தவருக்கே அது சீட்டு மேசைக்கு வந்த பிறகுதான் கண்ணில் பட்டிருக்கிறது. மூடி வைத்துவிட்டு டாக்டரம்மாவின் "சாரி"யை நினைத்துச் சிரித்தேன், கொஞ்சம் வலித்தது.

என் கதைக்கு வருகிறேன். அண்ணன் மகள் எனக்கு ஒரு வேலை கொடுத்தாள். ஒரு மத்தியானம் முழுக்க, கால் சொன்னால் ஒரு கோடு, பெட்டோ ரைஸோ சொன்னால் ஒரு புள்ளி, பழைய டைரியில் போட்டுக்கொண்டே வர வேண்டும். நீங்கள் எல்லோரும் பால் கணக்கு எழுதுகிறேன் என்று நினைத்தீர்கள். சாயங்காலம் எண்ணிப் பார்த்தேன்: முப்பத்தேழு கோடு, நாலு புள்ளி. அந்த நாலும் என் கையில் நல்ல ஜோடி இருந்தபோது வைத்தவை. அதாவது நான் கையைத் தூக்கினாலே, இவளிடம் சீட்டு இருக்கிறது என்று மேசைக்கே தண்டோரா போட்ட மாதிரி. நீங்களும் தவறாமல் மடக்கினீர்கள். நல்ல சீட்டு வந்தால் நாலு கொட்டை லாபம், மோசமான சீட்டு வந்தால் நாற்பது கொட்டை நஷ்டம். ஆட்டக்காரர்கள் இந்த விகிதத்தை நிஜமாகவே கணக்கிடுகிறார்கள்: பெட்டையும் ரைஸையும் கூட்டிக் காலால் வகுப்பது. என்னுடையது ஒன்பதில் ஒரு பங்குக்குச் சற்றுக் கீழ். அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

அடுத்த வாரம் வீம்பு வந்துவிட்டது. எதற்கெடுத்தாலும் ரைஸ். உங்களுக்கு நினைவிருக்கும், "இவளுக்கு இன்னிக்கு என்ன ஆச்சு" என்று மாமி கேட்டார். மூணு மணிக்கு உட்கார்ந்தவள் மூணேமுக்காலுக்கு ஒரு கொட்டை இல்லாமல் பஜ்ஜி போட எழுந்துவிட்டேன். காரணம் யார் தெரியுமா? மாமியேதான். மாமி மடக்குவதில்லை. கையில் ஒரு சின்ன ஜோடி இருந்தால் கடைசி சீட்டுவரை வந்து பார்த்துவிட்டுத்தான் போவார். இப்படிப்பட்டவர்களுக்கு ஆட்டக்காரர்கள் 'காலிங் ஸ்டேஷன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் மாமி தாம்பரம் ஸ்டேஷன், எல்லா வண்டியும் நிற்கும். அவரிடம் ப்ளஃப் பண்ணியது என் முட்டாள்தனம். மடக்கத் தெரியாதவரை மிரட்ட முடியாது. மாமியிடம் நல்ல சீட்டு வந்தால் தயங்காமல் பெரிதாக வைக்க வேண்டும், ஒன்றும் இல்லாவிட்டால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். மடக்கத் தெரிந்த டாக்டரம்மாவிடமும் ஹெச்.எம். மேடத்திடமும்தான் பொய் செல்லும். ஆள் பார்த்துத்தான் அடிக்க வேண்டும் என்பதை அன்று இருநூறு கொட்டை கொடுத்துக் கற்றேன்.

ஆக, எல்லாவற்றுக்கும் பாய்வதற்கு ஆக்ரோஷம் என்று பெயரில்லை. ஆடும் கைகளைக் குறைத்துக்கொண்டு, ஆடுகிற கையை முன்னின்று ஆடுவதுதான் அது. அந்த ஏழு நாலைப் போன்றவற்றைப் பார்த்தவுடன் போட்டுவிட வேண்டும். உள்ளே வருவதாக முடிவு செய்தால் கால் சொல்லிக்கொண்டு பின்வாசல் வழியாக வராமல் ரைஸ் சொல்லி முன்வாசல் வழியாக வர வேண்டும்.

எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பதும் முக்கியம். நாம் டீலருக்கு அடையாளமாக வைக்கிற பித்தளைக் குங்குமச் சிமிழ் வெறும் அழகுக்கு இல்லை. ஃப்ளாப்புக்குப் பிறகு சிமிழ் வைத்திருப்பவள்தான் கடைசியாகப் பேசுவாள். மற்ற ஆறு பேரும் என்ன செய்தார்கள் என்று பார்த்துவிட்டுச் செய்யலாம். கல்யாணப் பேச்சில் கடைசியாக வாயைத் திறக்கிற பெரியவருக்கு இருக்கும் வசதி அது. சிமிழ் நம்மிடம் இருக்கும்போது சுமாரான சீட்டுக்கும் ரைஸ் பண்ணலாம். முதலில் பேச வேண்டிய இடத்தில் அதே சீட்டை மடக்குவது கோழைத்தனம் கிடையாது.

இப்போது ஒரே ஒரு கையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். நாலு வாரத்துக்கு முன்னால் நடந்தது.

சிமிழ் என்னிடம். பெரிய ஓரகத்தி கால், சின்ன ஓரகத்தி கால், வழக்கம்போல. என் கையில் ஹார்ட்டின் ஜாக்கி, ஹார்ட்டின் ஒன்பது. இருபது வைத்தேன். பிளைண்ட், அதாவது சீட்டைப் பார்க்கும் முன்பே வைக்க வேண்டிய கொட்டை, வைத்திருந்த இரண்டு பேரும் மடக்கினார்கள், சின்னவர் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு மடக்கினார், பெரியவர் மட்டும் வந்தார். குவியலில் ஐம்பது. ஃப்ளாப்: ஹார்ட்டின் ராஜா, ஹார்ட்டின் நாலு, ஸ்பேடு இரண்டு. இன்னும் ஒரு ஹார்ட்டின் விழுந்தால் எனக்கு ஃப்ளஷ், ஐந்தும் ஒரே இனம். இப்போதைக்கு ஒன்றும் இல்லை. பெரியவர் செக் என்றார். பழைய நானாக இருந்தால், இலவசமாக அடுத்த சீட்டைப் பார்க்கலாமே என்று நானும் செக் சொல்லியிருப்பேன். முப்பது வைத்தேன்.

உள்ளங்கை வியர்த்தது. டம்ளரை எடுத்தால் கை நடுங்குவது தெரிந்துவிடும் என்று காபி ஆறட்டும் என விட்டுவிட்டேன். பெரியவர் என் முகத்தைப் பார்த்தார், குவியலைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஒரு ராஜாவைத் திருப்பிக் காட்டிவிட்டு, "உன்கிட்ட ஏஸும் ராஜாவும் இருக்கும், எனக்குத் தெரியும்" என்று கீழே போட்டார். அவரிடம் ராஜா ஜோடி இருந்தது. என்னிடம் வெறும் ஜாக்கி. குவியலை இழுத்துக்கொண்ட என் கையைப் பார்த்து நானே வெட்கப்பட்டேன்.

இது வெறும் துணிச்சல் என்று நினைக்காதீர்கள். கடன் பிரிவு ஆள் நான், கணக்குப் பார்க்காமல் கொடுத்துப் பழக்கமில்லை. மிச்சம் ஒன்பது ஹார்ட்டின் இருக்கிறது. இரண்டு சீட்டு விழ வேண்டும். ஃப்ளஷ் அமைய நூற்றுக்கு 35 வாய்ப்பு. அவர் கால் சொல்லி, பிறகு யாரும் எதுவும் வைக்காமல் கடைசிவரை போனோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு தடவையில் 35 தடவை எனக்கு 80 கொட்டை வரும், மொத்தம் 2,800. மற்ற 65 தடவை என் முப்பது போகும், மொத்தம் 1,950. கால் சொன்னாலும் கைக்கு எட்டரை கொட்டை எனக்கு மிச்சம்தான். அவர் மடக்கினால் ஐம்பதும் முழுசாக எனக்கு. செக் சொல்லி இலவசமாகப் பார்ப்பதன் மதிப்போ ஐம்பதில் 35 சதவீதம், பதினேழரை. அவர் நாலில் ஒரு தடவை மடக்கினாலே வைப்பதுதான் லாபம். பாதிப் பொய், பாதி நிஜம் என்கிற இந்த வித்தைக்கு 'செமி ப்ளஃப்' என்று பெயர். பிடிபட்டாலும் தப்பிக்க ஒரு ஜன்னல் திறந்தே இருக்கும். ஆக்ரோஷமாக ஆடப் பழகுகிறவர்கள் முழுப் பொய்யில் தொடங்காமல் இதில் தொடங்குங்கள். (நியாயத்துக்குச் சொல்ல வேண்டும்: போன வாரம் இதே மாதிரி வைத்தேன், டாக்டரம்மா கால் சொன்னார், ஹார்ட்டின் வரவே இல்லை. கணக்கு சரிதான். கொட்டைதான் போய்விட்டது.)

முழுப் பொய்க்கும் கணக்கு உண்டு. குவியலில் அறுபது இருக்கும்போது முப்பது வைத்தால், மூன்றில் ஒரு தடவை அவர்கள் மடக்கினாலே கைக்காசு நஷ்டமில்லை. அறுபதே வைத்தால் இரண்டில் ஒரு தடவை மடக்க வேண்டும். எந்தச் சீட்டை வைத்துப் பொய் சொல்வது என்பதில்தான் நாம் எல்லோரும் தலைகீழ். சுமாரான ஜோடி இருந்தால் கொஞ்சம் தைரியமாகப் பொய் சொல்கிறோம், சுத்தமாக ஒன்றும் இல்லாவிட்டால் மடக்குகிறோம். ஜான் வான் நாய்மன் என்ற கணித மேதை, ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னோடு சேர்ந்து 1944இல் வெளியிட்ட விளையாட்டுக் கோட்பாட்டுப் புத்தகத்தில் போக்கரைச் சுருக்கி ஒரு மாதிரி வைத்து அலசியிருக்கிறார். அதில் வந்த விடை: மிக நல்ல கையோடும் மிக மோசமான கையோடும் வை, நடுத்தரத்தைச் செக் பண்ணு. யோசித்தால் புரியும். நடுத்தர ஜோடிக்குச் சீட்டைத் திருப்பிக் காட்டினால் சில தடவையாவது ஜெயிக்கிற தகுதி இருக்கிறது, அதை ஏன் பொய்க்குச் செலவழிக்க வேண்டும்? ஒன்றுக்கும் உதவாத கைக்குத்தான் வேறு பிழைப்பு இல்லை.

2017 ஜனவரியில் பிட்ஸ்பர்கில் லிப்ராட்டஸ் என்ற கணினி நிரல் நாலு தேர்ந்த ஆட்டக்காரர்களோடு இருபது நாளில் 1,20,000 கை ஆடி ஜெயித்தது. அந்த நிரல் அவர்களைத் திணறடித்த விதங்களில் ஒன்று, குவியலைப்போலப் பல மடங்கை அலட்டிக்கொள்ளாமல் தூக்கி வைத்தது. அதற்கு யார் மனம் கோணும் என்ற கவலை இல்லை. "வெச்சுக்கோடி, பாவம்" என்று பத்துக் கொட்டையைத் திருப்பித் தள்ளவும் தெரியாது.

அந்தப் பத்துக் கொட்டை பற்றித்தான் நான் உங்களோடு உண்மையில் சண்டை போட வேண்டும். தோற்றவளுக்குக் கொட்டை திரும்பக் கிடைக்கும் என்றால் அவள் எதற்காக மடக்குவாள்? மடக்கமாட்டாள். எதையும் இழக்காத மேசையில் எல்லோரும் தாம்பரம் ஸ்டேஷன் ஆகிவிடுவார்கள். அங்கே ரைஸுக்கு அர்த்தமே கிடையாது. பிறகு என்ன போக்கர், மறுபடி ரம்மிதான். கொட்டைக்கு மதிப்பு வர வேண்டும்.

உடனே கடலூர் அக்கா "அப்ப காசு வைச்சுடலாமே" என்பார். கூடாது அக்கா. நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடங்களில், இருபத்தைந்து வயதுப் பையன்களின் கணக்கை எடுத்தால் ராத்திரி ஒரு மணி, ஒன்றே கால், ஒன்றரை என்று வரிசையாக ஆன்லைன் ரம்மிக்குப் போன பணம் இருக்கும். ஐநூறு, ஆயிரம், ஐந்தாயிரம். அதன் பிறகு அதே பையன் தனிநபர் கடன் கேட்டு என் மேசைக்கு முன்னால் நிற்பான். ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம்தான் என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதும், 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை ஒட்டுமொத்தமாகத் தடை செய்ததும் உங்களுக்குத் தெரியும். திறமை ஆட்டம் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பையன்களுக்குத் திறமை குறைவா என்பது என் கேள்வியாக இருந்ததில்லை. மடக்கத் தெரியாததுதான் கேள்வி. அவர்களும் ஒருவகையில் கால் சொல்லிக்கொண்டே போனவர்கள்: இதுவரை போட்டாயிற்றே, இன்னும் ஒரு தடவை பார்த்துவிடலாம்.

என் யோசனை இதுதான். ஆளுக்கு இருநூறு கொட்டை. தீர்ந்தால் வெளியே, திரும்ப வாங்குவதும் கிடையாது, திருப்பித் தருவதும் கிடையாது. அரை மணிக்கு ஒரு தடவை பிளைண்டை இரட்டிப்பாக்குவோம். காத்திருந்து காத்திருந்து ஏஸுக்குத்தான் வருவேன் என்று யாரும் உட்கார முடியாது, கொட்டை தானாகக் கரைந்துவிடும். முதலில் வெளியே போகிறவள் அன்றைக்குப் பஜ்ஜி போட வேண்டும், இரண்டாவது ஆள் பாத்திரம். கடைசியில் நிற்பவளுக்கு அடுத்த வாரம் எந்த வேலையும் இல்லை, உட்கார்ந்த இடத்துக்குக் காபி வரும். எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்க வேண்டும் என்றால் மாமிகூட ஒரு சின்ன ஜோடியை மடக்குவார் என்று எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

இன்னும் இரண்டு சில்லறை விஷயம். டாக்டரம்மா, "சாரி" வேண்டாம். ரைஸ் என்று சொல்லி எண்ணிக்கையைச் சொன்னால் போதும். வெறும் சீட்டோடு வைத்தாலும் நிஜச் சீட்டோடு வைத்தாலும் அதே குரலில். ஊசி போடும்போது "ஒண்ணும் வலிக்காது" என்று எல்லோரிடமும் ஒரே மாதிரி சொல்கிறீர்களே, அந்தக் குரல். ஓரகத்திகளே, வீட்டில் யார் பெரியவர் என்பதை மேசைக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். சின்னவர் ஒரு தடவை பெரியவர் மேல் ரைஸ் பண்ணுவதைப் பார்க்க நாங்கள் ஐந்து பேரும் ஒன்றரை வருடமாகக் காத்திருக்கிறோம்.

வரும் வியாழன் ஹெச்.எம். மேடம் வீடு, மூன்று மணி. புதுச் சீட்டுக்கட்டு நான் வாங்கி வருகிறேன். பழையதில் ஸ்பேடு ராஜாவின் மூலை மடிந்து ஒரு மாதமாகிறது. முதுகைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறக்கவில்லை. பெரிய ஓரகத்தி அன்றைக்கு என் கையில் ராஜா இருக்கிறது என்று அத்தனை உறுதியாகச் சொன்னாரே, எந்தச் சீட்டின் முதுகைப் பார்த்துச் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை ஒரு சந்தேகம். என் ஹார்ட்டின் ஒன்பதின் மூலையும் லேசாக மடிந்திருந்தது.

அன்புடன்,
பால் கணக்கு எழுதாதவள்